பாருக்கும் ஒரு சட்டம் வேண்டும்

மதுக்கடை அரசாங்கத்தின் கையில் இருக்கிறது, ஆகவே மது வணிகம் கட்டுக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நிற்கிறது. அரசாங்கமே விற்கலாமா என்று கோபப்படுகிறவர்கள்கூட அதை ஒப்புக்கொண்டுதான் கோபப்படுகிறார்கள். இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பேச்சும் வரும். கடையை ஒட்டி பார் எடுத்து நடத்துகிறவருக்குப் பாதுகாப்பு, நியாயம் என்றெல்லாம் கேட்பது குடிக்கு வக்காலத்து வாங்குவது என்பார்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்தப் பதில்தான் வரும்: சாராயத்தில் சம்பாதிக்கிறவனுக்கு என்னய்யா நியாயம்?

கடைகள் குறைய வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அந்த விருப்பத்தோடுதான் சொல்கிறேன், இந்த இரண்டு பேச்சும் தவறு. பார் எடுக்கிறவருக்கும் அரசுக்கும் நடுவே ஒழுங்கான சட்டம் ஒன்று இல்லாமல் போனதுதான் ஊருக்குள் மது வரம்பு மீறிப் பாய்வதற்கான பெரிய காரணங்களில் ஒன்று. அதைத் தொடாமல் போடுகிற மதுக்குறைப்புத் திட்டம் எதுவும் அரசாணையைத் தாண்டி வெளியே வராது.

யார் எதை வைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டாஸ்மாக் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய அரசு நிறுவனம். சில்லறைக் கடைகள் அப்போது தனியாரிடம் இருந்தன. கடை எடுப்பவர்கள் கூட்டுச் சேர்ந்துகொண்டு அரசுக்கு வர வேண்டிய பணத்தைக் குறைக்கிறார்கள் என்று காரணம் சொல்லி, 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கிடமே ஒப்படைக்கப்பட்டது. அன்றோடு தனியார் வெளியேறிவிட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டோம். அவர்கள் வெளியேறியது கடையின் கல்லாவிலிருந்து மட்டும்தான். கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை அவர்களிடமே இருந்தது.

அதே 2003ஆம் ஆண்டில் வந்த சில்லறை விற்பனை விதிகள் கடையோடு மதுக்கூடம் வைப்பதற்கும் வழி செய்தன. மதுக்கூடத்தை டாஸ்மாக் தானே நடத்துவதில்லை, டெண்டர் விட்டுத் தனியாரிடம் கொடுக்கிறது. எடுத்தவருக்குக் கிடைக்கும் உரிமை இரண்டே. தின்பண்டம் விற்கலாம். குடித்துப் போட்ட காலி பாட்டில்களைச் சேகரித்துக்கொள்ளலாம். மது விற்கும் உரிமை அவருக்குக் கிடையாது. இந்த இரண்டுக்கும் அவர் மாதாமாதம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும், விற்பனை அதிகமுள்ள கடையென்றால் அது லட்சங்களில் போகும். வந்த கட்டணத்தில் 100க்கு 1 ரூபாயை டாஸ்மாக் கமிஷனாக எடுத்துக்கொண்டு மீதியை அரசுக் கணக்கில் செலுத்துகிறது.

சுண்டல், ஆம்லெட், டம்ளர், வாட்டர் பாக்கெட் இவற்றின் லாபமும் காலி பாட்டிலின் விலையும் சேர்ந்து இந்தக் கட்டணத்தையும் கட்டட வாடகையையும் கரண்ட் பில்லையும் சப்ளையர்களின் கூலியையும் தாங்குமா? கல்யாண வீட்டில் சமையல் கணக்குப் போடுகிறவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். அரசுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் டெண்டர் விடுகிறது, அதிகத் தொகை கேட்டவருக்கே கொடுக்கிறது. கட்ட முடியாத தொகைக்கு ஒருவரைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டு, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருப்பதை எப்படிக் கட்டுப்பாடு என்று சொல்ல முடியும்?

விருப்பப்பட்டுத்தானே கையெழுத்துப் போட்டார்கள், முடியாவிட்டால் விட்டுவிட்டுப் போகட்டும் என்பது அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படும் பதில். ஒரு மாவட்டத்தில் சரக்கு கொடுப்பவரும் கடை வைத்திருப்பவரும் பாருக்கு உரிமம் கொடுப்பவரும் கட்டணம் நிர்ணயிப்பவரும் புகாரை விசாரிப்பவரும் ஒரே நிறுவனமாக இருக்கும்போது, எதிரே நிற்கும் ஒற்றை ஆளின் கையெழுத்தில் எவ்வளவு விருப்பம் இருக்க முடியும்? பெரம்பலூரில் டாஸ்மாக் பாரின் நிபந்தனை பிடிக்கவில்லையென்றால் அவர் போவதற்கு இன்னொரு டாஸ்மாக் இல்லை. தகராறு என்று வந்தால் மாவட்ட மேலாளரிடம் மனு கொடுக்கலாம், அதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் போடலாம். நடுவில் கேட்பாரில்லை.

அப்படி ரிட் போட்டவர்களின் கதை நமக்கு முன்னாலேயே இருக்கிறது. 2021 டிசம்பரில் டாஸ்மாக் புதிய டெண்டர் அறிவித்தபோது, ஏற்கெனவே பார் நடத்திக்கொண்டிருந்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். இடத்தை வாடகைக்குப் பிடித்து ஒப்பந்தம் போட்டிருப்பது நாங்கள், அந்த இடத்தில் பார் நடத்த இன்னொருவருக்கு எப்படி உரிமை கொடுப்பீர்கள் என்பது அவர்களுடைய கேள்வி. நீதிபதி சி. சரவணன் 2022 தொடக்கத்தில் தீர்ப்பளித்தார். மொத்தமாகவும் சில்லறையாகவும் மது விற்கத்தான் மதுவிலக்குச் சட்டம் டாஸ்மாக்குக்கு அதிகாரம் கொடுக்கிறது, பார் நடத்தவோ நடத்தக் கொடுக்கவோ அதிகாரம் கொடுக்கவில்லை, ஆகவே ஆறு மாதத்துக்குள் பார்களை மூட வேண்டும் என்றார். மேல்முறையீட்டில் அந்த ஆணை நிறுத்திவைக்கப்பட்டது, பார்கள் தொடர்ந்தன.

'பார்களை மூட உத்தரவு' என்ற தலைப்போடு நாம் அந்த வழக்கை மறந்துவிட்டோம். அதன் உள்ளே இருந்த இரண்டு விஷயங்களை மறந்திருக்கக் கூடாது. ஒன்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மாநிலம் முழுக்க அரசு வசூலித்துவந்த ஒரு கட்டணத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி எழுதியது. அவ்வளவு மெல்லிய தரையில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. மற்றொன்று, குத்தகைக்காரர்கள் கேட்ட கேள்வி அப்படியே நின்றுபோனது. கட்டடக்காரருக்கு முன்பணம் கொடுத்து, கொட்டகை போட்டு, தண்ணீர்த் தொட்டி கட்டியவரின் செலவுக்கு என்ன பதில்? மூடச் சொன்ன தீர்ப்பிலும் அது கிடைக்கவில்லை, மூடாமல் நடத்துகிற அரசிடமும் கிடைக்கவில்லை.

கொரோனா காலத்தில் இதை இன்னும் தெளிவாகப் பார்த்தோம். 2020 மே மாதமே கடைகள் திறந்துவிட்டன, பார்கள் திறக்க அந்த ஆண்டு டிசம்பர் இறுதி ஆயிற்று. அடுத்த ஆண்டும் அப்படித்தான். ஜூன், ஜூலையில் கடைகள் திறந்தன, பார்களுக்கு நவம்பர் 1தான் விடிந்தது. நோய் பரவும் என்று பாரை மூடியதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூடிய மாதங்களை உரிமக் காலத்தோடு சேர்ப்பதா, கட்டணத்தில் கழிப்பதா, கட்டடக்காரருக்குக் கொடுத்த வாடகையை யார் தலையில் வைப்பது என்பதற்கெல்லாம் ஒரு விதி வேண்டாமா? அது இல்லாததால்தான் சங்கம் வைத்து மனு கொடுப்பதும் அமைச்சர் வீட்டு வாசலில் நிற்பதும் நடந்தன. விதி இல்லாத இடத்தில் சலுகை வரும், சலுகை வரும் இடத்துக்கு இடைத்தரகரும் வருவார்.

பெரம்பலூருக்கு என்றே ஓர் உதாரணம் இருக்கிறது. நீலகிரிக் காடுகளில் யானைகளின் காலைக் கிழிக்கும் பாட்டில்களைப் பற்றி உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பியதால், காலி பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022இல் அங்கே தொடங்கியது. அடுத்ததாக அந்த ஆண்டு நவம்பரில் அது வந்த மாவட்டங்கள் கோவையும் பெரம்பலூரும்தான். பின்னர் அரியலூர் உட்பட மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. நல்ல திட்டம், நான் முழு மனதோடு வரவேற்கிறேன். மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் உடைந்த பாட்டிலை மிதித்துக் காலைக் கிழித்துக்கொண்ட பெண்களைப் பார்த்தவர் யாரும் அதை எதிர்க்க மாட்டார்.

ஆனால் காலி பாட்டிலைச் சேகரிக்கும் உரிமையைத்தானே அரசு பார்காரருக்கு விலைக்கு விற்றது? எடைக்குப் போனால் சில காசு பெறும் பாட்டில், திட்டம் வந்த நாள் முதல் குடித்தவருடைய 10 ரூபாய் ஆகிவிட்டது. ஒரு கையால் விற்ற உரிமையின் மதிப்பை இன்னொரு கையால் மாற்றும்போது கட்டணத்தையும் திருத்தி எழுதும் முறை ஒன்று இருந்திருக்க வேண்டும். மேசையில் விட்டுப்போன பாட்டிலின் 10 ரூபாய் யாருக்கு, சப்ளையருக்கா, பார்காரருக்கா, திரும்பி வந்து கேட்கும் குடித்தவருக்கா என்ற சச்சரவைத் தீர்க்கவாவது ஓர் இடம் வேண்டும்.

பார்காரருக்கு நட்டம் வந்தால் எனக்கென்ன என்று கேட்கிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அந்த நட்டம் அவரோடு நிற்பதில்லை. கடை திறப்பது பகல் 12 மணிக்கு, மூடுவது இரவு 10 மணிக்கு. அந்தப் பன்னிரண்டிலிருந்து பத்துக்குள் தின்பண்டம் விற்றுக் கட்ட முடியாத தொகையை, பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் சரக்கு விற்றுத்தான் கட்ட முடியும். இரவே அட்டைப்பெட்டியாக வாங்கி அடுக்கிவைத்து விடியற்காலையில் குவார்ட்டருக்குக் கூடுதல் விலை வைத்துக் கொடுப்பது இப்படித்தான் வழக்கமாயிற்று. சிமென்ட் ஆலைக்கு இரவு ஷிப்ட் போய் வந்தவர், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், காலையில் சின்ன வெங்காயம் ஏற்றி இறக்கப் போகிறவர் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டிய, அல்லது வேலைக்குப் போக வேண்டிய நேரத்தில் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள்.

கொள்ளிடத்துக்கு அக்கரையில், தஞ்சாவூரில், 2023 மே மாதம் கடை திறக்காத நேரத்தில் பாரில் மது வாங்கிக் குடித்த இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதில் சயனைடு இருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. விஷம் எப்படி வந்தது என்பது காவல்துறை விசாரிக்க வேண்டியது. கடை பூட்டியிருந்த நேரத்தில் அதை ஒட்டிய பாரில் விற்பனை எப்படி நடந்தது என்பதுதான் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி. அதன் பிறகு கொஞ்ச நாள் சோதனை, சீல், வழக்கு என்று பரபரப்பாக இருந்தது. கட்டணக் கணக்கை யாரும் திறந்து பார்க்கவில்லை.

டெண்டர் ஒருவர் பெயரிலும் பார் வேறொருவர் கையிலும் இருப்பது இந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்தது. உள்குத்தகைக்கு எடுத்தவர் மேலே ஒருவருக்குத் தினப்படி கொடுக்கிறார், மாமூல் தனியாகப் போகிறது. 2025 மார்ச்சில் டாஸ்மாக்கில் சோதனை நடத்திய அமலாக்கத் துறை, பார் உரிம டெண்டர்களிலும் முறைகேடு இருப்பதாகக் குற்றம் சாட்டியது. அந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணைக்குத் தடை விதித்தது. யார் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குற்றச்சாட்டு எழுவதற்கு இடம் கொடுத்த முறையைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆட்சி மாறும்போதெல்லாம் பார் நடத்துகிறவரும் மாறுகிறார் என்றால், உரிமம் எதை வைத்துக் கிடைக்கிறது என்று ஊருக்குத் தெரியாதா?

இதில் அடியில் கிடப்பவர்கள் பாரில் வேலை செய்யும் பையன்கள். டாஸ்மாக் கடை ஊழியர்கள் 23,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பணி நிரந்தரம் இல்லாத தொகுப்பூதியக்காரர்கள் என்றாலும் அவர்களுக்குச் சங்கம் உண்டு, 2025 ஏப்ரலில் மாதம் 2,000 ரூபாய் உயர்வும் அறிவிக்கப்பட்டது. கொட்டகைக்குள் மேசை துடைத்து, வாந்தியைக் கழுவி, அடிதடியில் நடுவில் நின்று விலக்குகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அரசுக் கடையின் சுவருக்கு அந்தப் பக்கம் வேலை செய்வதால் அவர் யாருடைய தொழிலாளியும் இல்லை. பார்காரரின் உரிமத்தில் இவர்களுடைய கூலியை ஒரு நிபந்தனையாக எழுதியிருந்தாலே போதும், இவர்கள் நிலை வேறாக இருந்திருக்கும்.

பார்களையே மூடிவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று மது எதிர்ப்பு இயக்கத்து நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இதை ஏற்க முடியாது. கடையை அப்படியே வைத்துக்கொண்டு பாரை மட்டும் மூடினால் குடிக்கிறவர் வீட்டுக்குப் போய்விடுவாரா? ஏரிக்கரைக்கும் கிணற்று மேட்டுக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் போவார். பார்கள் மூடியிருந்த கொரோனா மாதங்களில் வரப்புகளில் கிடந்த பாட்டில்களை நாம் பார்த்தோம்தானே.

நெடுஞ்சாலை வழக்கும் இதே பாடத்தைச் சொன்னது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, சிற்றூர்களுக்கு அது பிறகு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அந்த வழக்கை நடத்திய வழக்கறிஞர் கே. பாலு, 2021 சட்டமன்றத் தேர்தலில் ஜெயங்கொண்டத்தில் பாமக வேட்பாளராக நின்றவர், இந்த மண்ணுக்கு அந்நியரல்ல. தீர்ப்பு பல உயிர்களைக் காத்திருக்கும், சந்தேகமில்லை. 2017இல் தமிழ்நாடு முழுக்க 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. ஆனால் மூடிய கடைகளில் பல, சாலையை விட்டு ஊருக்குள்ளும் காட்டு ஓரத்துக்கும் இடம் தேடின. பெரம்பலூர் மாவட்டத்தை வகிர்ந்துகொண்டு போகும் சென்னை–திருச்சிச் சாலையோரத்திலிருந்து விலகிய கடை, அதுவரை மதுக்கடை பார்க்காத தெருவுக்கு வந்தது. எங்கே பார்த்தாலும் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள்.

அப்போது கடை போகக் கூடாது என்று எதிர்ப்பக்கம் முண்டாசு கட்டி நின்றவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் பார் எடுத்தவரும் அவருக்கு இடம் கொடுத்தவரும்தான். கடை போனால் அவர் கட்டிய முன்பணம் போகும், கொட்டகை போகும், கட்டணத்தைத் திரும்பக் கேட்க வழியில்லை. ஊர் கேட்டுக் கடை மூடப்பட்டால் மீதிக் காலத்துக்கான கட்டணமும் வைப்புத்தொகையும் இத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்று உரிமத்திலேயே எழுதியிருந்தால், அவர் ஏன் ஊர்ப் பெண்களோடு மல்லுக்கு நிற்கப் போகிறார்? குத்தகைக்காரருக்குக் கொடுக்கும் பாதுகாப்பு மது எதிர்ப்புக்குத் துணைதான் செய்யும். 2023 ஜூன் மாதம் 500 கடைகள் மூடப்பட்டதைப் போல இன்னும் மூட வேண்டுமானால் இந்த விதி முதலில் வேண்டும்.

இங்கிலாந்து இந்தச் சிக்கலை நமக்கு முன்பே பார்த்துவிட்டது. அங்கே பப் என்னும் மதுச்சாலைகளில் பெரும்பகுதி பீர் ஆலைகளுக்குச் சொந்தமாக இருந்தது. குத்தகைக்கு எடுத்தவர் அந்த ஆலையின் பீரை, அந்த ஆலை சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஏகபோகத்தை விசாரித்த ஆணையம் 1989இல் இதைக் கண்டித்தது. 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள் அதற்கு மேற்பட்டவற்றில் பாதியை விட்டுவிட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. ஆலைகள் விட்டன. வாங்கியவர்கள் பீரே காய்ச்சாத பெரிய நிலக்கிழார் கம்பெனிகள். குத்தகைக்காரரின் கழுத்தில் இருந்த கயிறு அப்படியே இருந்தது, பிடித்திருந்த கை மட்டும் மாறியது. அந்த ஆணை 2003இல் நீக்கப்பட்டது. அதே 2003இல்தான் நாமும் உடைமையைத் தனியாரிடமிருந்து அரசுக்கு மாற்றிவிட்டுப் பிரச்சினை முடிந்தது என்று நம்பினோம்.

அவர்கள் அங்கே நின்றுவிடவில்லை. குத்தகைக்காரர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2014 நவம்பரில் கிரெக் முல்ஹாலண்ட் என்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம், அரசு எதிர்த்தும் நாடாளுமன்றத்தில் வென்றது. 2015இல் சட்டமாகி, 2016 ஜூலையில் பப் நெறிமுறை நடைமுறைக்கு வந்தது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட பப்புகளை இப்படிக் கட்டிவைத்திருக்கும் கம்பெனிகளை அது கட்டுப்படுத்துகிறது. குத்தகைப் புதுப்பிப்பு, வாடகை மறுஆய்வு போன்ற தருணங்களில் குத்தகைக்காரர் விரும்பினால் சரக்குக் கட்டாயத்திலிருந்து விடுபட்டுச் சந்தை வாடகை மட்டும் செலுத்தக் கேட்கலாம், தகராறு வந்தால் கம்பெனிக்கும் அவருக்கும் அப்பாற்பட்ட தீர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார். இதனால் தொழிலே அழியும் என்று கம்பெனிகள் பயமுறுத்தின. ஸ்காட்லாந்து அந்தப் பயத்தைப் பொருட்படுத்தாமல் 2021இல் தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது.

நம்மிடம் 500 அல்ல, 2025 கணக்குப்படி 4,700க்கும் மேற்பட்ட கடைகளை ஒரே நிறுவனம் வைத்திருந்தது. அது அரசு நிறுவனம் என்பதற்காகத் தீர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்வது தலைகீழான வாதம். தனியார் கம்பெனியைத் தட்டிக்கேட்க அரசு இருக்கிறது, அரசே கம்பெனியாகும்போது தட்டிக்கேட்கத் தனியாக ஒருவர் வேண்டும்.

அதற்கான அமைப்பைப் புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. நட்சத்திர ஓட்டல்களுக்கும் மன்றங்களுக்கும் உரிமம் கொடுப்பது டாஸ்மாக் அல்ல, மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை. கேரளத்தில் மது விற்கும் கழகம் வேறு, பார் உரிமம் கொடுக்கும் கலால் துறை வேறு. கடையை ஒட்டிய பார்களையும் அதே போல டாஸ்மாக்கின் கையிலிருந்து பிரித்து ஆயத்தீர்வைத் துறையிடம் கொடுக்க வேண்டும், மதுவிலக்குச் சட்டத்தில் அதற்கு வெளிப்படையாக ஒரு பிரிவு எழுத வேண்டும். பாருக்கு எதை விற்க உரிமையோ அதன் வருமானத்தில்தான் கட்டணம் நிற்க வேண்டும், கடையில் எத்தனை பெட்டி போகிறது என்பதில் அல்ல. பெயர் கொடுத்தவரே நடத்த வேண்டும். அரசு மூடிய நாளுக்குக் கட்டணம் கூடாது. பாரில் வேலை செய்கிறவர்களுக்குப் பதிவேடும் குறைந்தபட்ச ஊதியமும் கழிப்பறையும் உரிமத்தின் பகுதியாக வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு 12 மணிக்கு முன்பு ஒரு குவார்ட்டர் விற்றாலும் உரிமம் போகும் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மரியாதை இருக்கும்.

வருவாய் குறையும் என்பார்கள். 2024-25இல் மது விற்பனையால் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். அதன் பக்கத்தில் பார் கட்டணம் ஒரு சிறு தொகை. அந்தச் சிறு தொகைக்காக விடியற்காலை விற்பனையையும் உள்குத்தகையையும் தாங்கிக்கொள்வது எந்தக் கணக்கில் சரி?

பாட்டில் திட்டத்தைச் சமவெளியில் முதலில் பார்த்த மாவட்டங்களில் ஒன்று பெரம்பலூர். பக்கத்திலிருக்கும் அரியலூரையும் சேர்த்துக்கொண்டு, அடுத்த பார் டெண்டரை இந்த இரண்டு மாவட்டங்களில் மட்டுமாவது ஆயத்தீர்வைத் துறையே நடத்தட்டும். கட்டணம் எப்படிக் கணக்கிடப்பட்டது, யார் எடுத்தார், எத்தனை பேருக்கு வேலை என்பதை ஆட்சியர் அலுவலகப் பலகையில் ஒட்டட்டும். ஓராண்டு கழித்து விடியற்காலை விற்பனை வழக்குகளை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டுச் சட்டமன்றத்தில் வைக்கட்டும்.